ஏற்காடு வீட்டில் போட்டோ பிரிண்டுகளுக்குச் சட்டம் போடுவது: சுவர் ஓதத்தையும் பனியையும் எப்படிச் சமாளிப்பது?

மிளகுக்கொடி (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. வீடு ஏற்காட்டில். பழைய கட்டடம், கருங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு. ஆடியில் ஆரம்பித்தால் மார்கழி வரைக்கும் மழையும் மூடுபனியும் மாறி மாறி வரும். ஜன்னலைத் திறந்து வைத்தால் பனி கூடத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. கையில் மூன்று விதமான படங்கள் இருக்கின்றன.

முதலாவது, 12×18 அங்குலத்தில் நான்கு பிரிண்ட். காட்டன் ரேக் தாள் (பருத்தி நாரில் செய்த தாள்), பிக்மென்ட் இங்க், சுற்றிலும் 1 அங்குல வெள்ளை விளிம்பு. மூன்று படங்கள் காப்பிப் பூ, மிளகு. ஒன்று லேடீஸ் சீட்டிலிருந்து எடுத்த சேலம் நகர இரவு விளக்குகள், முக்கால்வாசி கறுப்புத்தான்.

அடுத்தது, 20×30 அங்குல லேப் பிரிண்ட் (போட்டோ லேபில் ரசாயனத் தாளில் போட்டது) ஒன்று. இது சேலம் அம்மாபேட்டையில் இருக்கும் வீட்டுக் கூடத்துக்கு.

கடைசியாக, தாத்தா பாட்டி சேர்ந்து நிற்கும் கறுப்பு வெள்ளை ஸ்டுடியோ படம். திவசத்தன்று மாலை போட்டுக் கும்பிடும் படம். பிரிண்ட் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

சாமிப் படத்துக்குச் சட்டம் போடும் கடையில் கேட்டால், "எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த) பலகையில் ஃபெவிக்கால் போட்டு ஒட்டி, லேமினேஷன் செய்து, மேலே கண்ணாடி வைத்துத் தருகிறோம், சுருக்கமே விழாது" என்கிறார்கள். அப்படிச் செய்யலாமா? கண்ணாடியா அக்ரிலிக்கா? எந்தச் சுவர்?

---

இருட்டறை

ரேக் பிரிண்டுகளுக்கு அந்த முறை வேண்டவே வேண்டாம். ஃபெவிக்காலில் இருக்கும் தண்ணீரைக் காட்டன் தாள் குடித்து விரியும், காயும்போது சுருங்கும். அடியில் இருக்கும் எம்டிஎஃப் மழைக்காலத்தில் தன் பங்குக்கு ஊதும். இரண்டும் ஒரே அளவில் அசையாததால் ஓரிரு மழைக்காலத்துக்குள் கொப்புளம் வரும், ஓரம் எழும்பும். எம்டிஎஃப் அமில ஆவியையும் விட்டுக்கொண்டே இருக்கும். இதெல்லாம் நடந்த பிறகு பிரிண்டைக் கிழிக்காமல் வெளியே எடுக்க வழியில்லை. சட்டத்தை எப்போது கழற்றினாலும் உள்ளே போனபடியே பிரிண்ட் வெளியே வர வேண்டும். மலையில் இருப்பவர்கள் இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

நான்கு ரேக் பிரிண்டுக்கும் ஒரே அளவு போதும்: உள் அளவு 18×24 அங்குலம், அதாவது 457×610 மி.மீ. முன்னிருந்து பின்னாக அடுக்கு இப்படி: 2 மி.மீ. கண்ணாடி, படம் தெரிய நடுவில் ஜன்னல் வெட்டிய மவுண்ட் போர்டு (கனமான அட்டை) 1.5 மி.மீ., பிரிண்ட், முழு மவுண்ட் போர்டு இன்னொரு 1.5 மி.மீ., கடைசியில் 3 மி.மீ. சன்பேக் ஷீட். தேர்தல் தட்டி, விளம்பரப் பலகை செய்வார்களே, அந்தப் பிளாஸ்டிக் நெளிஷீட்தான். தண்ணீர் குடிக்காது, அமிலம் விடாது, எடையும் இல்லை. பிளைவுட், ஹார்ட்போர்டை விட இந்த ஊருக்கு இது எவ்வளவோ மேல்.

ஜன்னலை எவ்வளவு வெட்டுவது? உங்கள் படப்பகுதி 10×16 அங்குலம், 254×406 மி.மீ. வெள்ளை விளிம்பு கொஞ்சம் தெரியட்டும்: பக்கங்களிலும் மேலேயும் 6 மி.மீ., கீழே 12 மி.மீ. அப்போது ஜன்னல் 418×272. பக்க ஓரம் 96 மி.மீ., மேலே 88, கீழே 97. கீழே கூடுதலாக விடுவது கண்ணுக்காக. நாலு பக்கமும் சமமாக விட்டால் படம் கீழே சரிந்த மாதிரி தோன்றும்.

அந்த 1.5 மி.மீ. போர்டுதான் பிரிண்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் காற்றிடம் தருகிறது. குளிர்ந்த இரவில் கண்ணாடியின் உட்புறம் வேர்க்கும். தொட்டுக்கொண்டிருக்கும் பிரிண்டில் அது முதலில் கறையாகும், பிறகு பூஞ்சணமாகும். லேப் பிரிண்டாக இருந்தால் அதன் ஜெலட்டின் பரப்பு இளகிக் கண்ணாடியோடு பிடித்துக்கொள்ளும். உங்கள் தாத்தா படத்துக்கு நடந்தது அதுதான்.

பிரிண்டைப் பிடிக்கப் பசை தேவையே இல்லை, நாலு மூலைப் பைகள் போதும். அமிலமில்லாத தாளை 18 மி.மீ. அகலப் பட்டையாக வெட்டி, இரு முனையையும் நடுவிலிருந்து கீழ்நோக்கி மடித்தால், பக்கத்துக்கு 25 மி.மீ. உள்ள முக்கோணப் பை கிடைக்கும். மடிப்புப் பக்கம் பின்போர்டைப் பார்க்கட்டும். வாலை நறுக்கிவிட்டு, பையை மட்டும் போர்டில் ஒட்டுங்கள். நீர் தொட்டு ஒட்டும் தாள் டேப் நல்லது. செல்லோடேப், பிரவுன் டேப், மாஸ்கிங் டேப் மூன்றும் ஆகாது, அவற்றின் பசை கசிந்து மஞ்சளாகப் பரவும். கீழ் இரண்டு பைகள் எடையைத் தாங்கட்டும். மேல் இரண்டிலும் பக்கங்களிலும் 1 மி.மீ. தளர்வு விடுங்கள். மழைக்காலத்தில் தாள் வளரும். போக இடமில்லாவிட்டால் நடுவில் அலை எழும்பும். உங்கள் விளிம்பு அளவுக்கு இந்தப் பை ஜன்னல் வழியாகத் தெரியாது.

சாதாரண ஸ்டேஷனரி மவுண்ட் போர்டின் நடுப்பகுதி மரக்கூழ். சில வருஷத்தில் வெட்டு விளிம்பு காப்பிக் கறை நிறத்துக்கு வரும், அந்த நிறம் பிரிண்டுக்கும் இறங்கும். காட்டன் போர்டு விலை அதிகம்தான். ஆனால் பிரிண்டைத் தொடும் இரண்டு போர்டும் அதுவாகவே இருக்கட்டும், செலவை மோல்டிங்கில் (சட்டம் செய்யும் பட்டையில்) குறையுங்கள். வாங்கும்போது வெறும் "ஆசிட் ஃப்ரீ" என்ற வார்த்தையை நம்பாமல், ஐஎஸ்ஓ 18916 சோதனையில் தேறியதா என்று கேளுங்கள். புகைப்படத்தோடு பொருந்துமா என்பதற்காகவே உள்ள சோதனை அது.

இன்னொன்று. புதிதாக அச்சான இங்க்ஜெட் பிரிண்டைச் சுடச்சுடச் சட்டத்துக்குள் அடைக்காதீர்கள். இங்கில் உள்ள கரைப்பான் ஆவியாகிக் கண்ணாடியின் உட்புறம் மங்கலாகப் படியும். பிரிண்டின் மேல் சாதா வெள்ளைத்தாள் விரித்து 24 மணி நேரம் வைத்து, தாளை மாற்றி மறுபடி வையுங்கள். எடுத்த தாள் நெளியாமல் தட்டையாக வந்தால் போதும்.

---

மரமட்டம்

சட்டத்தைப் பற்றிச் சொல்றேங்க.

அவர் சொன்ன அடுக்கு கிட்டத்தட்ட 8.5 மி.மீ. வருது. கடையில கிடைக்கிற சிந்தெடிக் மோல்டிங் பலதுக்கு, கண்ணாடியும் படமும் உக்காரற உள்பள்ளமே 8, 10 மி.மீ.தான். அதுல திணிச்சா ஆணி பிடிக்க இடமிருக்காது. பின்பலகை வெளியே தள்ளிக்கிட்டு நிக்கும். குறைஞ்சது 13 மி.மீ. பள்ளம் இருக்கிற மோல்டிங் கேளுங்க. வேற ஒண்ணும் வேண்டாம், கையில ஸ்கேல் கொண்டு போய் அளந்து பாத்து வாங்குங்க.

மரம்னா தேக்கு நல்லது. உங்க ஊர்க் காப்பித் தோட்டங்கள்ல நிழலுக்கு நிக்கிற சில்வர் ஓக்லயும் சட்டம் அருமையா வரும், ஆனா நல்லா காஞ்ச மரமா இருக்கணும். ஈரம் 12 சதவீதத்துக்கு மேல இருந்தா வாங்காதீங்க. மரம் நீளவாக்குல அசையாது, அகலவாக்குலதான் ஊதும், சுருங்கும். அதனால 45 டிகிரி மூலை மழைக்காலத்துல வெளிமுனையில வாய் திறக்கும், வெயில் காலத்துல உள்முனையில திறக்கும். மலையில செஞ்ச சட்டத்தை ஏப்ரல் மாசம் சேலத்துக்கு இறக்குனா உள்மூலையில இடைவெளி தெரியறது இதனாலதான். தச்சர் மேல தப்பு இல்லீங்க. சட்டத்து மரம் எவ்வளவு அகலமோ அவ்வளவு திறக்கும். ஏற்காட்டுக்கு 20லிருந்து 25 மி.மீ. அகலத்தைத் தாண்டாதீங்க. மூலையில பசையோட குறுக்கு ஆப்பும் வச்சுச் செய்யச் சொல்லுங்க, வெறும் யூ-பின் போதாது.

வார்னிஷை முன்பக்கம் மட்டும் அடிச்சு விடுறாங்க. பள்ளத்துக்கு உள்ளயும் பின்பக்கமும் அடிக்கணும். ஒரு பக்கம் மூடி ஒரு பக்கம் திறந்திருந்தா மரம் முறுக்கிக்கும். அடிச்சு ரெண்டு மூணு வாரம் காஞ்ச பிறகுதான் படத்தை உள்ள வைக்கணும்.

மாட்டுறதுக்கு இரும்பு எதுவும் வேண்டாம், துரு இறங்கும். பித்தளை டி-வளையம், எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) கம்பி. சணல் கயிறு மக்கிப் போகும். வளையத்தை மேலிருந்து மூணுல ஒரு பங்குல போடுங்க. 18×24 சட்டம் எல்லாம் சேர்த்து 3, 3.5 கிலோ வரும். அதுக்கு ஒரே ஆணி போதும்னாலும் ரெண்டு கொக்கி அடிங்க, படம் சாயாது.

சுண்ணாம்புப் பூச்சு 20, 25 மி.மீ. கனம் இருக்கும், அது எதையும் பிடிக்காது. பிளக் அதைத் தாண்டி உள்ளே போகணும். 8 மி.மீ. துளை, 60 மி.மீ. நீள பிளக். பூச்சு முடியற வரைக்கும் டிரில்லை ஹேமர்ல போடாம ஓட்டுங்க. முதல்லயே ஹேமர்ல போட்டா தட்டு அளவுக்குப் பூச்சு உதிரும். கல்லு தட்டுப்பட்ட பிறகு ஹேமருக்கு மாத்திக்கலாம். அம்மாபேட்டை வீடு செங்கல், சிமெண்டுப் பூச்சுன்னா 6 மி.மீ. பிளக், 8ஆம் நம்பர் ஒன்றரை அங்குல ஸ்க்ரூ போதும்.

---

மிளகுக்கொடி

இருவருக்கும் மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். சட்டத்துக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடலாமா? பின்பக்கம் காற்றோட்டத்துக்கு ஓட்டை விட வேண்டும் என்று ஒருவர் சொல்கிறார், முழுக்க அடைக்க வேண்டும் என்று இன்னொருவர். எது சரி? பூச்சிக்கு ரசகற்பூர உருண்டை வைப்பதும் இங்கே வழக்கம்.

---

இருட்டறை

உங்கள் ஊருக்கு அடைப்பதுதான் சரி. ஓட்டை வழியாக வருவது பனிக்காற்று, கூடவே தாளைத் தின்னும் இராமபாணப் பூச்சி.

ஆனால் அடைக்கும் நாளைப் பார்த்து அடைக்க வேண்டும். உள்ளே இருக்கும் போர்டு ஈரத்தோடு இருந்தால் அந்த ஈரத்தையும் சேர்த்துத்தான் அடைக்கிறீர்கள். போர்டு, பிரிண்ட், சன்பேக் எல்லாவற்றையும் மாசி, பங்குனியில் சேலத்துக்குக் கொண்டு வந்து ஒரு வாரம் அறையில் விரித்து வையுங்கள். ஈரப்பத மானி 45, 50 சதவீதம் காட்டும் நாளில் அங்கேயே சேர்த்து அடைத்துவிடலாம். கண்ணாடியிலிருந்து சன்பேக் வரை அடுக்கை ஒன்றாகப் பிடித்து, நாலு ஓரத்தையும் அலுமினிய ஃபாயில் டேப்பால் சுற்றுங்கள். கண்ணாடி முகப்பில் டேப் 3 மி.மீ.க்கு மேல் ஏறக் கூடாது, அப்போதுதான் சட்டத்தின் உதடு அதை மறைக்கும். சன்பேக்கின் ஓரத்தில் குழல் வாய்கள் வரிசையாகத் திறந்திருக்கும். அவை முழுக்க டேப்புக்குள் போக வேண்டும். பூச்சி நுழைவது அந்த வழியாகத்தான். பின்பு டேப் சுற்றிய அந்த அடுக்கை அப்படியே சட்டத்துக்குள் இறக்கலாம். மரத்தின் அமிலமும் அடுக்கைத் தொடாது.

சிலிக்கா ஜெல்லை விட்டுவிடுங்கள். இந்த அளவு சட்டத்தில் போர்டு மட்டும் ஏறக்குறைய 400 கிராம். காற்றின் ஈரப்பதம் 50லிருந்து 70 ஆனால் அது சுமார் 10 கிராம் தண்ணீரைக் குடிக்கும். 5 கிராம் பொட்டலம் பிடிப்பது ஏறத்தாழ 1 கிராம். அதற்குப் பிறகு அது பிரிண்டின் முதுகை அழுத்தும் ஒரு மேடு, அவ்வளவுதான். ஈரத்தை நிதானப்படுத்தும் வேலையைப் போர்டே செய்கிறது. ஜெல்லுக்கு உரிய இடம் நெகட்டிவ், ஒரிஜினல் வைக்கும் மூடிய டப்பா.

ரசகற்பூரமும் கூடாது. ஆவியாகி மறுபடி படிகமாகக் கண்ணாடியில் படியும், பாலிஸ்டைரீன் (சிந்தெடிக்) மோல்டிங்கை இளக்கும். வேப்பிலை வைப்பவர்களும் உண்டு. காய்ந்த இலையே பூச்சிக்குத் தீனி.

இனி கண்ணாடி. சேலம் இரவுப் படத்தைப் பற்றித்தான் எனக்கு அதிக அக்கறை. கறுப்பு அதிகமான படத்தில் எதிரில் இருக்கும் ஜன்னலும் டியூப்லைட்டும் அப்படியே தெரியும், நகர விளக்குகள் அதில் தொலைந்துபோகும். கடையில் "நான் ரிஃப்ளெக்டிவ்" என்று கொடுப்பது பெரும்பாலும் பரப்பைச் சொரசொரப்பாக்கிய கண்ணாடி. பிரிண்டைத் தொட்டுக்கொண்டிருந்தால் தெளிவாகத்தான் தெரியும். 1.5 மி.மீ. தள்ளி நின்றதும் படம் மங்கும், சின்னச் சின்ன விளக்குப் புள்ளிகள்தான் முதலில் கரையும். பூச்சு போட்ட ஆன்டி ரிஃப்ளெக்ஷன் கண்ணாடிக்குக் கட்டுப்படியானால் அந்த ஒரு படத்துக்கு மட்டும் வாங்குங்கள். இல்லையென்றால் சாதா தெளிவான கண்ணாடியைப் போட்டு, ஜன்னலுக்கு எதிர்ச்சுவரை விட்டுவிட்டு, ஜன்னல் இருக்கும் சுவருக்குச் செங்கோணத்தில் வரும் சுவரில் மாட்டுங்கள்.

20×30 லேப் பிரிண்டின் கதை வேறு. அந்த அளவு தாளை மூலைப் பையில் தொங்கவிட்டால் அலையடிக்கும். படத்தின் டிஜிட்டல் ஃபைல் உங்களிடம் இருந்தால் ஒட்டிவிடலாம், கெட்டால் மறுபடி அச்சிட்டுக்கொள்ளலாம். ஆனால் எம்டிஎஃப் மேல் அல்ல, 3 மி.மீ. ஏசிபி ஷீட் (இரு பக்கமும் அலுமினியம், நடுவில் பிளாஸ்டிக்) மேல், தண்ணீர்ப் பசை இல்லாமல், இருபக்கப் பசை ஃபிலிமால். சைன்போர்டு கடைகளில் சூடு இல்லாமல் அழுத்தி ஒட்டும் ரோலர் இருக்கும். ரோலர் முன்னால் நின்று தூசி துடைக்கச் சொல்லுங்கள். ஒரு மணல் துகள் அடியில் போனாலும் பளபளப்பான தாளில் பரு மாதிரி எழும்பும், அதற்கு மருந்து கிடையாது.

சுற்றிலும் 3 அங்குல மவுண்ட் விட்டால் இது 26×36 ஆகிவிடும். 3 மி.மீ. கண்ணாடி போட்டால் கண்ணாடி மட்டுமே 4.5 கிலோ, அதே கன அக்ரிலிக் 2 கிலோ சொச்சம். இங்கே அக்ரிலிக்தான். 3 மி.மீ.க்குக் குறைந்தால் நடுவில் வளைந்து பிரிண்டைத் தொடும். சேலம் வெயிலில் அது நீளவும் செய்யும், 914 மி.மீ. நீளம், 20 டிகிரி வித்தியாசம் என்றால் 1.3 மி.மீ. அதனால் சட்டத்துக்குள் இரு பக்கமும் சேர்த்து 3 மி.மீ. இடம் விட்டு வெட்டச் சொல்லுங்கள். பாதுகாப்பு ஃபிலிமை மெதுவாக உரியுங்கள், வேகமாக இழுத்தால் மின்னேற்றம் வந்து அறைத் தூசியெல்லாம் ஒட்டும். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் அக்ரிலிக்கில் படவே கூடாது, மங்கிவிடும்.

---

பழம்படம்

தாத்தா பாட்டி படத்துக்கு மட்டும் சொல்கிறேன். மற்றதெல்லாம் பிறகு செய்துகொள்ளலாம், இதை முதலில் கவனியுங்கள்.

கண்ணாடியிலிருந்து உரிக்காதீர்கள். தண்ணீரில் ஊறவைத்தால் வந்துவிடும், ஹேர் டிரையர் காட்டினால் வந்துவிடும் என்று சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். ஒட்டியிருப்பது படத்தையே தாங்கும் ஜெலட்டின் அடுக்கு. உரித்தால் முகம் கண்ணாடியில் நிற்கும், வெறும் தாள் கையில் வரும்.

பின்பக்க ஆணிகளைக் கழற்றி, பலகை தானாக வந்தால் எடுங்கள். அதுவும் ஒட்டியிருந்தால் விட்டுவிடுங்கள். கண்ணாடியோடு சேர்த்தே நகல் எடுக்க வேண்டும். மெல்லிய சிஐஎஸ் ஸ்கேனர் உதவாது, அது தன் பரப்பைத் தொடுவதை மட்டுமே தெளிவாகப் பார்க்கும். கண்ணாடிக் கனத்தைத் தாண்டினால் மங்கிவிடும். உள்ளே லென்ஸ் உள்ள, கொஞ்சம் கனமான சிசிடி ஸ்கேனரில் எடுக்கலாம். கேமராவில் எடுப்பதானால் படத்தைப் படுக்கவைத்து, இரு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு, கேமராவைச் சுற்றிக் கறுப்புத் துணி, லென்சில் போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் ஃபில்டர்). அறை விளக்கை அணைத்துவிடுங்கள். ஒட்டிய இடம் பளபளப்பான திட்டாகவும் ஒட்டாத இடம் வெளிறியும் தெரியும். அதை நகலில் சரிசெய்யலாம், ஒரிஜினலில் கைவைக்க வேண்டாம்.

திவசத்துக்கு அந்த நகலைச் சட்டம் போட்டு மாட்டுங்கள். இதில் ஒரு விஷயம் பலர் கவனிப்பதில்லை. மாலையிலிருந்து சொட்டும் நீரும், கண்ணாடியில் வைக்கும் ஈரச் சந்தனமும் கீழ்ப்பள்ளத்தில் இறங்குகின்றன. பழைய குடும்பப் படங்களில் கீழ் ஓரம் மட்டும் பழுப்பாகப் பொரிந்திருப்பதற்கு இது பெரிய காரணம். மேலே சொன்ன ஃபாயில் டேப் அடைப்பு இந்தப் படத்துக்குக் கட்டாயம். மாலைக்குச் சட்டத்தில் ஆணி அடிக்காமல், சட்டத்துக்கு மேலே சுவரில் தனிக் கொக்கி போட்டுக் கொஞ்சம் முன்தள்ளித் தொங்கவிடுங்கள். குத்துவிளக்கு நேர் கீழே இருக்க வேண்டாம். சூடும் எண்ணெய்ப் புகையும் நேராகக் கண்ணாடிக்கு ஏறும்.

ஒரிஜினலைக் கண்ணாடியோடே அமிலமில்லாத தாளில் சுற்றி, அட்டைப் பெட்டியில் படுக்கவைத்து, மலையில் அல்ல, சேலம் வீட்டு உள்ளறை பீரோவில் வையுங்கள்.

---

மரமட்டம்

சுவரைப் பத்திக் கேட்டிருந்தீங்க, யாரும் சொல்லலை.

ஒரு அடிக்கு ஒரு அடி பிளாஸ்டிக் ஷீட்டைச் சுவருல வச்சு நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்க. ரெண்டு நாள் கழிச்சுப் பாருங்க. ஷீட்டுக்கு உள்பக்கம், சுவரைப் பாத்த பக்கம் வேர்த்திருந்தா அந்தச் சுவருல ஓதம் இருக்கு. அங்க படமே வேண்டாம். வெளிப்பக்கம் வேர்த்திருந்தா அது அறைக்காத்தோட ஈரம். இந்தச் சோதனையை ஐப்பசியில செய்யுங்க, கோடையில செஞ்சா எல்லாச் சுவரும் நல்ல சுவராத்தான் தெரியும்.

பொதுவா மேற்கு, தென்மேற்குல மழை அடிக்கிற வெளிச்சுவர் ஆகாது. ராத்திரி அது குளிரும்போது அறையோட ஈரம் சட்டத்து முதுகுல வந்து நிக்கும். ரெண்டு அறைக்கு நடுவுல இருக்கிற சுவர்தான் நல்ல இடம். அங்கயும் சட்டத்தோட பின் நாலு மூலையில 8, 10 மி.மீ. தக்கைத் துண்டு ஒட்டுங்க, பின்னால காத்து ஓடணும். ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை சட்டத்தை எடுத்து, பின்னால பல்லி முட்டை, பூஞ்சணம் இருக்கான்னு பாருங்க.

உயரத்துக்குக் கணக்கு: படத்தோட நடு தரையிலிருந்து 145 செ.மீ. 18×24 சட்டத்தோட வெளி உயரம் ஏறக்குறைய 495 மி.மீ., பாதி 247. கம்பியை நடுவுல இழுத்துப் பிடிச்சா மேல் விளிம்பிலிருந்து எவ்வளவு கீழ நிக்குதோ அதை அளங்க, 60 மி.மீ.ன்னு வச்சுக்கலாம். 1450ஓட 247 கூட்டி 60 கழிச்சா 1637. கொக்கி அங்க. ரெண்டு கொக்கி போடும்போது கம்பியை ரெண்டு இடத்துல இழுத்துப் பிடிச்சு அளக்கணும், எண் மாறும். நாலு படத்தையும் ஒரே வரிசையில மாட்டுறீங்கன்னா கூரையையோ ஜன்னல் விளிம்பையோ பாத்து மட்டம் பிடிக்காதீங்க, பழைய கட்டடத்துல ரெண்டும் சாஞ்சிருக்கும். ரசமட்டம் வச்சுச் சுவருல பென்சில் கோடு போட்டுக்கோங்க.

சேலத்துல செஞ்சு மேல கொண்டு போறப்ப 20 கொண்டை ஊசி வளைவு இருக்குங்க. கண்ணாடிச் சட்டத்தைப் படுக்க வைக்காதீங்க, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கவும் வேண்டாம். நிமிர்த்தி, வண்டி ஓடுற திசைக்கு இணையா, ரெண்டு சட்டத்துக்கு நடுவுல கண்ணாடி கண்ணாடியைப் பாக்கிற மாதிரி அட்டை வச்சுக் கட்டுங்க. கண்ணாடி மேல மாஸ்கிங் டேப்பைக் குறுக்கும் நெடுக்கும் ஒட்டினா, உடைஞ்சாலும் சில்லு பிரிண்டுல விழுந்து கீறாது. மேல போன அன்னைக்கே டேப்பை எடுத்துடுங்க. அக்ரிலிக்குக்கு டேப் ஒட்டாதீங்க.